வல்லத்துக் கல்லும் மதுரை லென்ஸும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கிறது வல்லம். பழைய கோட்டையொன்றின் மிச்சமும் செம்பொறை நிலமும் உள்ள ஊர். அந்த நிலத்தில் கிடைத்த ஸ்படிகக் கற்களை அறுத்து, சாணை பிடித்து, மூக்குக் கண்ணாடிக்கான வில்லையாக்கும் தொழில் 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் வட்டாரத்தில் பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் காலத்து நூல்கள் ‘வல்லம் கல்’ என்றே அதைக் குறித்துவைத்திருக்கின்றன. ஸ்படிகம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற நம்பிக்கை வேறு அதற்குத் துணை நின்றது. கண்ணாடியைவிடக் கடினமான கல். எளிதில் கீறல் விழாது. தந்தை போட்டதை மகனும் போடலாம். இத்தனை நேர்த்தியான வில்லையைச் செய்த கைகளுக்கு ஒன்று மட்டும் தெரியாது: வாங்க வந்தவரின் கண்ணுக்கு எந்த வில்லை பொருந்தும் என்பது. வந்தவர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார், எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்வார். வல்லத்துக்கு மட்டுமே உரிய குறை அல்ல இது. உலகெங்கும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் கண்ணாடி விற்பனை இப்படித்தான் நடந்தது. ஏழை நாடுகளில் இன்று கோடிக்கணக்கானோர் கண்ணாடி இல்லாமல் இருப்பதற்கு அதன் விலையைக் காரணம் சொல்வது வழக்கம். கண்ணாடியின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. வில்லை எப்போதோ மலிந்துவிட்டது. மலியாமல் நின்றது கண்ணை அளக்கும் வேலை. அதுவும், தேவைப்படுபவரின் ஊரிலேயே அளக்கும் வேலை.

இத்தாலியில், பைசா நகரத்தை ஒட்டிய பகுதியில், 1280-களில் முதல் மூக்குக் கண்ணாடி தோன்றியது. 1306-இல் ஃபிளாரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜியோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு 20 ஆண்டுகூட ஆகவில்லை என்று சொன்னதை வைத்தே அந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள். அடுத்த 150 ஆண்டுகளில் ஃபிளாரன்ஸ் இதன் பெரும் சந்தையாகிவிட்டது. 1462-இல் மிலன் நகரத்துக் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, ஃபிளாரன்ஸில் இருந்த தன் தூதருக்கு எழுதி 3 டஜன் கண்ணாடி வரவழைத்தார்: தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டிய இளையோருக்கு ஒரு டஜன், கிட்டத்தில் படிக்க வேண்டிய முதியோருக்கு ஒரு டஜன், பொதுவாக ஒரு டஜன். 4 ஆண்டு கழித்து அவர் மகன் 200 கண்ணாடி கேட்டபோது, 30 வயது முதல் 70 வயது வரை ஐந்தைந்து வயதாகப் பிரித்துக் கேட்டார். இந்த இரண்டு கடிதங்களும் சொல்வது கொஞ்சமல்ல. கண்ணாடி அப்போதே டஜன் கணக்கில் வாங்கிப் பரிசாக வழங்கும் பண்டமாகிவிட்டது. வெள்ளெழுத்துக்கான வில்லையைக் கண்ணைப் பார்க்காமல் வயதைக் கேட்டே கொடுத்துவிடலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாற்பதைத் தாண்டியவருக்கு விழிக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்துப் பொருளில் பார்வை குவியாமல் போகிறது. இது நோயல்ல, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும் மூப்பு. ஆகவே வயதுப் பட்டியல் இங்கே செல்லும். இளையோரின் கிட்டப்பார்வைக்கு அந்தப் பட்டியல் செல்லாது. ஒருவருக்கு 1 பவர், அதே வயதில் இன்னொருவருக்கு 7. அங்கேதான் அளப்பவர் தேவைப்பட்டார். அளக்கும் வழி 1462-இல் யாரிடமும் இல்லை.

இந்தியாவுக்குக் கண்ணாடி வந்த காலத்தைப் பற்றி நம்மவர்களிடையே கொஞ்சம் பெருமிதமும் கலந்த சர்ச்சை உண்டு. 1971-இல் பிரிட்டனின் கண் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த சிறு கட்டுரை, கண்ணாடியே இந்தியாவில்தான் பிறந்தது என்று வாதிட்டது. ஸ்படிகத்தை மெருகேற்றும் கலை இங்கே பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மெருகேற்றிய கல்லும், இரண்டு வில்லைகளைச் சட்டத்தில் பூட்டி மூக்கில் நிறுத்துவதும் ஒன்றல்ல; பின்னதற்கு 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கிடைக்கும் சான்று சுவையானது. விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் அவையில் போற்றப்பட்ட மாத்வத் துறவி வியாசதீர்த்தர், 1520 வாக்கில் கண்ணாடி அணிந்து ஏடு படித்தார் என்று அவர் வரலாற்றைப் பாடிய சோமநாதரின் வடமொழிக் காவியம் தெரிவிப்பதை ஆராய்ச்சியாளர் பி.கே. கோடே எடுத்துக்காட்டினார். போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510. இரண்டு தேதிகளும் அருகருகே இருப்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். அரை நூற்றாண்டு கழித்து, மொகலாய ஓவியர் மீர் சையித் அலி தன் வயதான தந்தை மீர் முசவ்விரைக் கண்ணாடியோடு தீட்டினார். ஒருவர் துறவி, மற்றவர் ஓவியர். இருவரும் கிட்டத்தில் பார்த்து வேலை செய்தவர்கள், இருவரும் முதியவர்கள், இருவரும் அரசவையின் நிழலில் இருந்தவர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்து சேர்வதற்கு இந்த மூன்றும் போதுமாயிருந்தன.

அளக்கும் வழி பிறந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உள்ளே பார்க்கும் கருவியைச் செய்தார். 1862-இல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஸ்னெல்லன் எழுத்துப் பலகையை வகுத்தார். இன்று எந்தக் கண்ணாடிக் கடைச் சுவரிலும் தொங்குவது அதன் வாரிசுதான். அதே ஊர்க்காரரான டோண்டர்ஸ் 1864-இல் வெளியிட்ட பெருநூல், கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து மூன்றும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்தது. 1872-இல் பிரான்சின் மொனுவாயே பவருக்கு ஓர் அலகு வகுத்தார். இருபது, இருபத்திரண்டு ஆண்டுக்குள் கண் ஓர் அளக்கக்கூடிய பொருளாகிவிட்டது. பொதுவாக இதை வெற்றிக் கதையாகவே எழுதுவார்கள், மருத்துவத்துக்கு வெற்றிதான். ஆனால் கண்ணாடி வணிகத்தில் அது ஒரு பிளவையும் உண்டாக்கியது. அதுவரை செய்பவரும் விற்பவரும் மட்டுமே இருந்த இடத்தில், இப்போது அளப்பவர் என்ற மூன்றாமவர் வந்தார். அவருக்குப் படிப்பு வேண்டும், இருட்டறை வேண்டும், லென்ஸ்கள் வரிசையாக அடுக்கிய பெட்டி வேண்டும், நோயாளி தன்னைத் தேடி வர வேண்டும். ஆலைகள் வில்லையின் விலையை இறக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், வில்லையைக் கண்ணோடு பொருத்தும் வேலை நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. எழுத்தறியாதவர் முன்னால் எழுத்துப் பலகையைத் தொங்கவிடுவது எப்படி என்ற கேள்விக்குக்கூட, வாய் திறந்த வளையம், எல்லாத் திசையிலும் திரும்பி நிற்கும் ஒற்றை எழுத்து என்று விடை தேட வேண்டியிருந்தது.

சென்னைக்குக் கண் மருத்துவமனை வந்தது 1819-இலேயே. எழும்பூரில் இன்றும் இயங்கும் அது ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளின் குறிப்புகளைப் படங்களோடு எழுதிவைக்கச் செய்ததும் அதே காலந்தான். அவை சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனையின் கவனம் புரையிலும் புண்ணிலும் நீரழுத்தத்திலும் இருந்தது. நலமான கண்ணுக்குப் பவர் பார்ப்பது மருத்துவரின் பெருமைக்குரிய வேலையாக அன்று கருதப்படவில்லை, இன்றும் முழுமையாகக் கருதப்படுவதில்லை. அந்த வேலை பெருநகரத்துக் கண்ணாடிக் கடைகளிடம் போயிற்று. அவை உத்தியோகஸ்தரையும் வக்கீலையும் எதிர்பார்த்துத் திறந்தவை. மற்றவர்களுக்குச் சந்தையிலும் திருவிழாவிலும் தட்டில் பரப்பி விற்கும் ஆயத்தக் கண்ணாடி. ஃபிளாரன்ஸ் முறையும் உட்ரெக்ட் முறையும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. எது யாருக்கு என்பதைப் படிப்பும் பணமும் தீர்மானித்தன. கண்ணாடி படிப்பாளியின் அடையாளம் என்ற எண்ணம் இங்கேதான் வேர்விட்டது. உண்மையில் கிட்டத்துப் பார்வை போனால் முதலில் அடிபடுபவர் ஏடு படிப்பவர் அல்ல. அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப் போட வேண்டிய நெசவாளி, பொடி வைத்து ஊதும் தட்டார், ஊசியில் நூல் கோக்கும் தையற்காரர், அரிசியில் கல் பொறுக்கும் பெண். கை நன்றாகத் தேர்ந்து நிற்கும் 45 வயதில் இவர்களின் கண் பின்வாங்குகிறது. நுட்ப வேலையை இளையவரிடம் விட்டுவிட்டுத் தடித்த வேலைக்கு நகர்ந்துகொள்வதே பலருக்கு வழியாக இருந்தது. இதை யாரும் ஊனமாகக் கணக்கெழுதவில்லை. வயசாகிவிட்டது என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

கண்ணாடி கிடைக்காததன் கொடுமை முதலில் வெளிப்பட்டது எதிர்பாராத இடத்தில்: புரை அறுவைச் சிகிச்சையில். பஞ்சாபின் மோகா நகரில் டாக்டர் மதுரா தாஸ் காட்டிய வழியில் 20-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தியாவில் கண் முகாம்கள் நடந்தன. பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் பாய் விரித்து நூற்றுக்கணக்கானோருக்குப் புரை எடுத்தார்கள். புரையோடு விழியின் சொந்த லென்ஸும் வெளியே வந்துவிடும். அந்த இடத்தை நிரப்ப 10 பவர் அளவுக்குத் தடித்த ‘சோடாப் புட்டி’ கண்ணாடி கொடுப்பார்கள். போட்டால் பார்வை உண்டு; நடுவில் பெரிதாகவும் ஓரத்தில் வளைந்தும் தெரியும் பார்வை. கழற்றினால் விரலை எண்ணுவதே சிரமம். வயலில் விழுந்து உடைந்தால், பேரன் கையில் கிடைத்துக் கால் ஒடிந்தால், முகாம் மறு ஆண்டுதான் வரும். அறுவை நன்றாக நடந்தும் கண்ணாடி இல்லாததால் மறுபடி பார்வையற்றவர்களானவர்கள் ஏராளம் என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த கள ஆய்வுகள் பிறகு காட்டின. அறுவை மேசைவரை அவரைக் கொண்டுவந்த ஏற்பாடு, உடைந்த கண்ணாடிக்கு மாற்று கொடுக்கும் இடத்தை அவர் ஊருக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. சோடாப் புட்டிக் கண்ணாடி விலை உயர்ந்த பொருளல்ல. பலருக்கு இலவசமாகவே தரப்பட்டது. விலையைத் தவிர வேறு காரணம் இல்லை என்பவர்கள் இந்த ஒரு சான்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு மதுரையில் கிடைத்த விடை, கண்ணாடியையே விழிக்குள் வைத்துவிடுவது. பிரிட்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-இலேயே உள்விழி லென்ஸைப் பொருத்திக் காட்டியிருந்தார்; ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை இந்திய முகாம்களுக்குக் கட்டுப்படியாகாமல் இருந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி லென்ஸைத் தானே செய்யத் தொடங்கியது. விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஏழைகளுக்கு இந்த லென்ஸ் தேவையா, சோடாப் புட்டியே போதாதா என்று அன்று உலக அளவில் வல்லுநர்களே கேட்டார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை இழந்த 3,400 பேரைக் கொண்டு மதுரையில் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வு, லென்ஸ் வைத்தவர்களின் அன்றாட வாழ்வு கண்ணாடி போட்டவர்களைவிட மேம்பட்டதைக் காட்டி அந்தக் கேள்வியை மூடியது. நான் சொல்வதற்கு எதிரான சான்றாக இதை ஒருவர் எடுத்துவைக்கலாம்: இங்கே விலையை இறக்கியதுதானே தீர்த்தது? இறக்கியதுதான். ஆனால் உள்விழி லென்ஸ் நோயாளி ஏற்கெனவே மருத்துவர் முன்னால் படுத்திருக்கும்போது வைக்கப்படுவது. அளப்பவரும் பொருத்துபவரும் பொருளும் ஒரே மேசையில் கூடிவிட்ட பிறகு மிச்சமிருந்த ஒரே தடை விலைதான். மூக்குக் கண்ணாடிக்கு அந்த மேசையே இல்லை.

மேசை இல்லை என்பது உலகக் கணக்குகளில்கூடத் தெரியாமல் இருந்ததற்கு ஒரு வினோதமான காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1970-களில் வகுத்த இலக்கணப்படி, ஒருவர் பார்வையற்றவரா என்பதை அவருக்குப் பொருத்தமான மிகச் சிறந்த கண்ணாடியை மாட்டிய பிறகே அளக்க வேண்டும். நோயைக் கணக்கெடுக்க அது சரியான முறை. ஆனால் மைனஸ் 8 பவர் தேவைப்படும் கிராமத்துப் பெண், வாழ்நாளில் கண்ணாடியையே தொட்டதில்லை என்றாலும், கணக்கெடுப்பாளர் மாட்டிவிட்ட சோதனைக் கண்ணாடி வழியே பலகையைப் படித்துவிட்டதால் பார்வை உள்ளவராகப் பதிவானார். கணக்கெடுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார். இப்படியே ஏறத்தாழ 30 ஆண்டு போயிற்று. நிதியும் திட்டங்களும் புரை, கண் புண் என்ற தலைப்புகளின் கீழே ஓடின. இந்தியாவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலும் புரைதான் பேரிடம் பெற்றது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் ஆந்திர ஆய்வு போன்றவை 1990-களின் இறுதியில் மக்களை அவர்கள் நடமாடும் நிலையிலேயே, இருக்கிற கண்ணாடியோடோ இல்லாமலோ, சோதித்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. கண்ணாடி இல்லாததாலேயே தூரப் பார்வை குன்றியவர்கள் 2004 நிலவரப்படி உலகில் 15.3 கோடிப் பேர், அவர்களில் 80 லட்சம் பேர் பார்வையற்றோர் நிலையில் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு மதிப்பிட்டது. வெள்ளெழுத்து அதில் சேரவில்லை. அதைத் தனியே கணக்கிட்ட ஆய்வு 2015-இல் கிட்டப் படிக்கச் சிரமப்படுவோர் 82.6 கோடி என்றது. ஃபிளாரன்ஸ் வணிகர் வயதைக் கேட்டே எடுத்துக் கொடுத்திருப்பாரே, அந்தக் கண்ணாடி இல்லாதவர்கள் இவர்கள்.

அந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்பது இப்போது அளந்து தெரிந்ததுதான். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்தின் எடை, கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. 50 வயதைக் கடந்தவர்களிடம் 30 சதவீதத்துக்கும் மேல். கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்த்த செலவும் சேர்த்து ஆளுக்கு 10 டாலர் சொச்சம். 2024-இல் வெளிவந்த வங்கதேச ஆய்வில், கண்ணாடி பெற்ற 8 மாதத்தில் இடைநிலை மாத வருமானம் 35 டாலரிலிருந்து 47 டாலராக, அதாவது மூன்றில் ஒரு பங்கு, உயர்ந்தது. இங்கே ஒரு கேள்வி தானாக எழுகிறது. சில மாதத்துக் கூடுதல் கூலியிலேயே செலவு மீண்டுவிடும் என்றால், தொழிலாளி ஏன் கடன் வாங்கியாவது வாங்கிக்கொள்ளவில்லை? ஆலைகளில் இந்த ஆயத்தக் கண்ணாடியின் மொத்த விலை ஒரு டாலருக்கும் கீழே. ஏழை நாடுகளில் இதைவிட விலை கூடிய செல்பேசியைக் கூலித் தொழிலாளர்கள் தாமே வாங்கி வைத்திருக்கிறார்கள். செல்பேசிக் கடை அவர்கள் சந்தையில் இருக்கிறது. ரீசார்ஜ் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. கண்ணுக்கு அப்படி ஒரு கடை இல்லை. அதைவிட முக்கியம், தனக்குக் கண் மங்கியிருக்கிறது, அதற்கு மாற்று உண்டு என்று சொல்ல ஆளில்லை. மெல்ல மெல்லக் குறைவதை மனிதன் இழப்பாக உணர்வதில்லை.

அப்படியானால் இலவசமாகக் கொடுத்துவிடுவோம் என்பது அடுத்த வாதம். அரசுகள் அதைச் செய்தும் பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2009-இல் பள்ளி மாணவர்களுக்காகக் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது; தெலங்கானாவில் 2018 ஆகஸ்ட் 15 அன்று கண்டி வெலுகு மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கியது. இவற்றால் பயன் பெற்றவர்களை நான் குறைத்து எண்ணவில்லை; சீனாவில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வு, இலவசக் கண்ணாடி மாணவர்களின் கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டியதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதே சீனாவின் கன்சு மாகாணத்தில் 2004-இல் கிராமப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுக்க முன்வந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருந்தது. புனே மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் கண்ணாடி கொடுத்த பிறகு போய்ப் பார்த்தபோது, அணிந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. கேலி, பெண்ணுக்கு வரன் அமையாது என்ற வீட்டாரின் அச்சம், பொருந்தாத பிரேம், உடைந்தால் எங்கே போவது என்ற கேள்வி. இவற்றில் எதற்கும் விலை பூஜ்யமாவது விடையல்ல. தவிர, குழந்தையின் பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு முறை நடக்கும் விழாவும் ஒரு முறை கொடுக்கும் கண்ணாடியும் மறு ஆண்டே காலாவதியாகிவிடுகின்றன. பக்கத்தில் அளப்பவர் இருந்தால் இலவசம் பலன் தரும், இல்லாவிட்டால் அது புகைப்படத்தோடு முடியும்.

இதை ஏட்டில் கற்காமல் முகாம் நடத்தியே கற்றுக்கொண்டது மதுரை. முகாமில் பவர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி, கண்ணாடி தயாரானதும் இன்னொரு பயணம் எல்லாம் சேர்ந்தால் கண்ணாடி விலையைத் தாண்டிவிடும். எனவே அரவிந்த் முகாம்களுக்குப் பிரேம்களும் லென்ஸ்களும் விளிம்பு தேய்க்கும் எந்திரமும் உடன் போகலாயின. பெரும்பாலானோருக்கு அன்றே அங்கேயே கண்ணாடி பொருத்திக் கொடுத்தார்கள். இருந்தும் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஏற்பாட்டின் எல்லையைக் கறாராகச் சொன்னது: தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண்ணில் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேர் மட்டுமே. நாட்டிலேயே பேர்போன முகாம் ஏற்பாடு, இலவசம், போக்குவரத்தும் உண்டு; வந்தது 7 பேர். அதன் பிறகுதான், 2000-களின் நடுவில், சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்கள் முளைத்தன. ஒரு மையத்தில் பயிற்சி பெற்ற ஓரிரு பெண்கள் பவர் பார்க்கிறார்கள், கருவியில் கண்ணைச் சோதிக்கிறார்கள், திரையில் தெரியும் மருத்துவரோடு நோயாளியைப் பேசவைக்கிறார்கள், கண்ணாடியும் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி விற்பனைதான் மையத்தைச் சொந்தக் காலில் நிற்கவைக்கிறது. இன்று இவை 100-க்கும் மேல். ஹைதராபாத்திலும் எல்.வி. பிரசாத் நிறுவனம் இதே வழியில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் இளைஞர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து மையங்களை வளர்த்தது. முகாம் வருடத்துக்கு ஒரு நாள் வரும் தேர். பார்வை மையம் தினமும் திறக்கும் ரேஷன் கடை.

ஆளே இல்லாமல் அளந்துவிட முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் 1985-இல் அந்தக் கனவைக் கண்டார்: திரவம் நிரப்பிய லென்ஸ், பக்கத்தில் ஒரு சிறு பம்பு; அணிபவர் தானே திருகித் திருகித் தெளிவு வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வார். வல்லத்துக்காரரின் முறையேதான், ஒரே சட்டத்துக்குள் அடக்கப்பட்டது. 2020-க்குள் 100 கோடிப் பேருக்கு என்பது இலக்கு. போய்ச் சேர்ந்தது பல்லாயிரம் என்ற அளவில் நின்றது. அழகில்லை, சிதறல் பார்வையைத் திருத்தாது, செய்யும் செலவு ஆயத்தக் கண்ணாடியைவிடப் பல மடங்கு. ஜெர்மனியின் பள்ளி ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்முத் வகுத்த ‘ஒரு டாலர் கண்ணாடி’யின் கதை வேறு. மின்சாரம் இல்லாமலே கம்பியை வளைத்துப் பிரேம் செய்யும் சிறு பெட்டி அவருடையது. பொருட்செலவு ஒரு டாலர் அளவே. அது பல நாடுகளில் நிலைத்து நிற்பதற்குக் கம்பியைவிட, கம்பியை வளைக்கவும் கண்ணைச் சோதிக்கவும் உள்ளூர் ஆட்களைப் பழக்கி, அதையே அவர்களுக்குத் தொழிலாக்கியது பெரிய காரணம். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையடக்கச் சோதனைக் கருவிகள் பயிற்சி நாட்களைக் குறைக்கும். அந்த மிச்சத்தைக் கொண்டு இன்னும் ஒரு ஊரில் ஆளை வைப்பவர்தான் அதன் பலனை எடுப்பார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், மற்றவற்றைவிடக் கனமானது. அரைகுறைப் பயிற்சி பெற்றவர் கண்ணாடி கொடுத்தால், நீரழுத்த நோயும் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கேடும் கவனிக்கப்படாமல் போய்விடும். கண்ணாடிக்காக வருவதுதான் பலருக்கு மருத்துவர் கண்ணைப் பார்க்கும் ஒரே வாய்ப்பு. இது தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நீரழுத்த நோய் சத்தமில்லாமல் வருவது. ஆனால் இந்த வாதம் மருத்துவரிடம் போகக்கூடியவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. 100-இல் 93 பேர் முகாமுக்கே வராத இடத்தில், கண்ணாடி கொடுக்காமல் நிறுத்திவைப்பதால் யாருடைய நீரழுத்த நோயும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை. ருவாண்டா இதற்கு ஒரு நடைமுறை விடை சொன்னது. 2010-களில் அந்த நாடு தன் சுகாதார மையங்களின் செவிலியர்களுக்கு 3 நாள் பயிற்சி கொடுத்தது: வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடு, சாதாரணக் கண் வலிக்குச் சொட்டு மருந்து கொடு, மற்றதை மேலே அனுப்பு. வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் கிராமச் சுகாதாரப் பெண்கள், விஷன்ஸ்பிரிங் நிறுவனத்தோடு சேர்ந்து 2006 முதல் அதையே வீடு வீடாகச் செய்கிறார்கள். மூன்று நாளில் கண் மருத்துவம் வராது. வயதைக் கேட்டு, அட்டையைப் படிக்கச் சொல்லி, மூன்று பவர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது தாராளமாகப் போதும். சந்தேகமான கண்ணை மருத்துவமனைக்கு அனுப்பும் கையும் அதே கைதான். குழந்தையின் கிட்டப்பார்வைக்கு இது போதாது. அங்கே தேர்ந்த பரிசோதகர் வேண்டும், அந்த இரண்டையும் ஒரே சட்டத்தால் கட்டிப்போடுவதுதான் பிழை.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஏற்ற இலக்கில் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. எத்தனை கண்ணாடி கொடுத்தீர்கள் என்று அது கேட்கவில்லை. கண்ணாடி தேவைப்படுபவர்களில் எத்தனை பேர் இப்போது அதை அணிந்து நன்றாகப் பார்க்கிறார்கள் என்று கேட்கிறது. அந்தக் கணக்குப்படி, தூரப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டியவர்களில் பொருத்தமானது கிடைத்தவர்கள் அன்றைய மதிப்பீட்டில் உலக அளவில் 36 சதவீதம். 2030-க்குள் இதை இன்னும் 40 சதவீதப் புள்ளி உயர்த்த வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பொருந்தாத கண்ணாடியும், பெட்டியில் கிடக்கும் இலவசக் கண்ணாடியும் இந்தக் கணக்கில் ஏறாது. அதற்கான செலவுப் பட்டியலில் பெரிய தொகை லென்ஸுக்கு எதிரே வராது. சம்பளம், பயிற்சி, சிற்றூரில் ஓர் அறைக்கு வாடகை ஆகியவற்றுக்கு எதிரேதான் வரும்.